மூன்று நாயக்கர்களைக் கண்ட ஆண்டு

கேள்வி:

திருமங்கலம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஜெர்மானியப் பேரரசைப் பற்றிய பாடத்தில், 1888 என்ற ஒரே ஆண்டில் மூன்று பேரரசர்கள் அடுத்தடுத்து அரியணையில் இருந்தார்கள் என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "நம்ம மதுரைக்கு அந்த மாதிரி ஒரு வருஷம் இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டாள். திருமலை நாயக்கர் மறைந்த 1659 அப்படிப்பட்ட ஆண்டு என்று எங்கோ படித்த நினைவு. புத்தகங்களைப் புரட்டினால் குழப்பம்தான் மிஞ்சியது. அவருடைய மகன் சில மாதங்களே ஆண்டார் என்கிறது ஒரு நூல்; மூன்று ஆண்டுகள் என்கிறது இன்னொன்று. திருமலை நாயக்கர் கோயில் நிலவறையில் அடைத்துக் கொல்லப்பட்டார் என்று ஊரில் சொல்லும் கதையையும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எதைச் சொல்லிக்கொடுப்பது? 1888-ஐயும் 1659-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரிதானா?

வாசகி, திருமங்கலம்

பதில்:

உங்கள் மாணவிக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். எங்கோ நடந்த ஒன்றைப் படித்தவுடன் "நம் ஊரில்?" என்று கேட்கத் தோன்றுகிறதே, வரலாற்றுப் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. அவளுக்கான பதில்: ஆம், இருந்தது. உங்கள் நினைவும் சரி. 1659-ல் மதுரை அரசு மூன்று நாயக்கர்களைக் கண்டது. பிப்ரவரியில் திருமலை நாயக்கர் மறைந்தார். அவர் மகன் முத்து வீரப்பர் பட்டத்துக்கு வந்து சில மாதங்களில் மறைந்தார். அதே ஆண்டில் பேரன் சொக்கநாதர் அரியணை ஏறினார். தமிழ் ஆண்டுக் கணக்கில் இது விளம்பியின் கடைசியில் தொடங்கி விகாரியில் முடிகிறது.

இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிடுவது சரியே. ஆனால் ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பீட்டை நிறுத்திவிட்டால் அது விடுகதையாகச் சுருங்கிவிடும். அரசன் போய் அரசன் வரும் இடைவெளியில் படையும் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் யார் கையில் இருந்தன என்று கேட்டால்தான் இரண்டு ஆண்டுகளும் நமக்கு ஏதாவது கற்றுத்தரும்.

1888: பெர்லினில் நடந்தது

1871-ல் ஜெர்மானியப் பேரரசு உருவானபோது அதன் முதல் பேரரசர் ஆனவர் முதலாம் வில்ஹெல்ம். 1888 மார்ச் 9-ல் அவர் இறந்தபோது 91 வயது நிறைய இரண்டு வாரம்கூட இல்லை. அடுத்து வந்த மகன் மூன்றாம் பிரெடரிக் 56 வயதுக்காரர். இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் மூத்த மருமகன். நாடாளுமன்றத்துக்கு மதிப்புத் தருவார், கெடுபிடிகளைத் தளர்த்துவார் என்று தாராளவாதிகள் அவர்மேல் பல ஆண்டுகளாக நம்பிக்கை வைத்திருந்தார்கள். ஆனால் பட்டத்துக்கு வரும்போதே தொண்டைப் புற்றுநோய் முற்றியிருந்தது. மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தியிருந்தார்கள். பேச முடியாமல், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டி 99 நாள் ஆண்டார். ஜூன் 15-ல் இறந்தார். அவர் மகன் இரண்டாம் வில்ஹெல்ம் 29 வயதில் அரியணை ஏறினார்.

மூன்று பேர் மாறினாலும் ஆட்சியை நடத்தும் கை மாறவில்லை. பிரதம அமைச்சர் பிஸ்மார்க் மூன்று பேரின் கீழும் பதவியில் இருந்தார். அமைச்சகங்கள், படைத்தலைமை, நாடாளுமன்றம் எல்லாம் வழக்கம்போல இயங்கின. விளைவு பிறகுதான் தெரிந்தது. இளம் பேரரசர் 1890 மார்ச்சில் பிஸ்மார்க்கை வெளியேற்றினார். 1918 நவம்பரில், முதல் உலகப் போரின் தோல்வியில், அவரே அரியணையைத் துறந்து ஹாலந்துக்குப் போனார்.

1659: மதுரைக்கு முன்னால் நின்ற பிரச்சினை

1659-ஐ அந்த ஆண்டிலிருந்து தொடங்கிச் சொல்ல முடியாது. 1623-ல் பட்டத்துக்கு வந்த திருமலை நாயக்கர், திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்கே கொண்டுவந்தவர். மஹால், புதுமண்டபம், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், முடிவுபெறாத ராயகோபுரம் எல்லாம் அவர் காலத்துப் பணிகள். மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் சித்திரையில் ஒன்றுசேர்த்தவர் என்று நகரம் இன்றும் அவரை நினைக்கிறது. இவை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். தெரிய வேண்டியது இன்னொன்று உண்டு.

விஜயநகரத்தின் கடைசி மன்னரான மூன்றாம் ஸ்ரீரங்கர், கைநழுவிக்கொண்டிருந்த நாயக்க அரசுகளை மறுபடியும் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றார். அதை விரும்பாத திருமலை நாயக்கர், வடக்கிலிருந்து கோல்கொண்டாப் படை ஸ்ரீரங்கரின் வேலூர்மேல் பாயும்படி தூண்டினார். அந்தப் படை செஞ்சியை நோக்கித் திரும்பியபோது பிஜப்பூரின் உதவியை நாடினார். இரண்டு சுல்தானியங்களும் தமக்குள் ஒத்துப்போயின. செஞ்சி பிஜப்பூர் வசமானது. தஞ்சாவூரும் மதுரையும் பிஜப்பூருக்குக் கப்பம் கட்டும் நிலைக்கு வந்தன. விஜயநகரம் என்ற தடுப்பு இருந்தவரை வடக்கத்திப் படைகள் காவிரிக் கரைக்கு வந்ததில்லை. அந்தத் தடுப்பைச் சாய்த்ததில் மதுரைக்கும் பங்கு உண்டு. ஸ்ரீரங்கர் போய்த் தஞ்சம் புகுந்த இடம் மைசூர். மைசூரும் மதுரைக்குப் பகையாக நின்றது.

அந்தப் பகைதான் திருமலை நாயக்கரின் கடைசி நாட்களில் மூக்கறுப்புப் போராக வெடித்தது. மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜரின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டையாக அனுப்பியது. முதுமையிலும் நோயிலும் இருந்த நாயக்கர் ராமநாதபுரம் சேதுபதியிடம் உதவி கேட்டார். சேதுபதி பெரும்படையோடு வந்து மைசூர்ப் படையைத் திருப்பியடித்தார். நாயக்கரின் தம்பி குமாரமுத்து தலைமையில் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து அதே கொடுமையைத் திருப்பிச் செய்தது. சேதுபதிக்கு "ராணி சொல் காத்தார்" என்ற பட்டம் கிடைத்தது. கப்பத்திலிருந்து விலக்கும் கிடைத்தது. இந்த இரண்டாவது பரிசை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மதுரை தன்னைக் காத்துக்கொள்ள, தனக்குக் கீழிருந்த ஒரு தலைவருக்கு உரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வெற்றிச் சந்தோஷம் அடங்குவதற்குள், சுமார் 75 வயதில், திருமலை நாயக்கர் இறந்தார்.

நிலவறைக் கதை

புதையல் கிடைத்திருக்கிறது என்று சொல்லி அவரைக் கோயில் நிலவறைக்குள் இறக்கி, மேலே கல்லை வைத்து மூடிவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. அவர் கிறித்தவத்தின் பக்கம் சாய்ந்ததுதான் காரணம் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். ஓர் அர்ச்சகர் குடும்பத்தோடு ஏற்பட்ட பகை என்பார்கள் வேறு சிலர். ஒரே சாவுக்கு இப்படி வேறு வேறு காரணங்கள் உலவுவதே எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது.

கதையை அளந்து பார்க்க நம்மிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. அப்போது மதுரை மிஷனில் பணியாற்றிய போர்ச்சுக்கீசிய ஏசு சபைப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா, அதே 1659-ல் திருச்சியிலிருந்து எழுதிய கடிதம் அது. பின்னாளில் 1679-ல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதியைத் தொகுத்தவர் இவர். திருமலை நாயக்கரின் மரணத்தை அவர் எழுதுகிறார். அவருடைய பெருமைகளை ஒப்புக்கொண்டு, கடைசிக் காலத்து அரசியலைக் கடுமையாகக் கண்டிக்கிறார். கொலை என்று ஒரு சொல் இல்லை. கிறித்தவத்துக்காக ஓர் அரசர் உயிர்விட்டிருந்தால், ஒரு பாதிரியார் அதை உலகுக்குச் சொல்லாமல் இருப்பாரா? அந்த அரசரையே பழித்து எழுதுவாரா? ஆகவே முதுமையிலும் நோயிலும் வந்த சாவு என்றே சொல்லிக்கொடுங்கள். நிலவறைக் கதையையும் மறைக்க வேண்டாம். கதை என்று சொல்லி, ஏன் ஏற்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு சாட்சியத்தை எடைபோடும் பழக்கம் வரும்.

சில மாதங்களா, மூன்று ஆண்டுகளா?

இங்கேதான் நூல்கள் முரண்படுகின்றன. பழைய நூல்கள் சில முத்து வீரப்பரை முத்து அளகாத்ரி என்ற பெயரில் குறித்து, 1659 முதல் 1662 வரை அவர் ஆண்டதாகக் கணக்கிட்டன. அந்தக் கணக்கு பிற்காலப் பட்டியல்களிலும் தொடர்கிறது. 1924-ல் வெளிவந்த மதுரை நாயக்கர் வரலாற்றில் ஆர். சத்தியநாத ஐயர் ஏசு சபைக் கடிதங்களையும் கல்வெட்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து, முத்து வீரப்பரின் ஆட்சி 1659-க்குள்ளேயே முடிந்தது, சொக்கநாதரின் ஆட்சியும் அதே ஆண்டில் தொடங்கியது என்ற முடிவுக்கு வந்தார்.

எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. காரணம் எளிது. புரோயென்சா 1662-ல் எழுதிய இன்னொரு கடிதம், இளம் நாயக்கரான சொக்கநாதருக்கு எதிராக அமைச்சர்கள் செய்த சூழ்ச்சியையும் அதைத் தொடர்ந்த போரையும் நடந்து முடிந்த நிகழ்ச்சிகளாகச் சொல்கிறது. அவ்வளவும் நடக்க ஓரிரு ஆண்டுகளாவது வேண்டும். முத்து வீரப்பர் 1662 வரை ஆண்டிருந்தால் அதற்கு இடமே இல்லை. "சில மாதங்கள்" என்று சொன்ன நூலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்தவர்

அந்தச் சில மாதங்களில் முத்து வீரப்பர் சும்மா இருக்கவில்லை. பிஜப்பூருக்குக் கப்பம் கட்டும் நிலையை உதற முனைந்தார். திருச்சிக் கோட்டையைப் பலப்படுத்தி, படையும் தானியமும் சேர்த்தார். இதை அறிந்த பிஜப்பூர்ப் படை ஷாஜி போன்ஸ்லேயும் முல்லா என்ற தளபதியும் தலைமை ஏற்கத் தெற்கே வந்தது. ஷாஜி, சிவாஜியின் தந்தை. திருச்சி தயாராக இருப்பதைக் கண்டு படை தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பியது. மார்ச் மாதம் தஞ்சைக் கோட்டை ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் விழுந்தது. அங்கே ஆண்ட விஜயராகவ நாயக்கர் கோட்டையில் நிற்கவில்லை.

பிறகு நடந்ததை எந்தத் தளபதியும் திட்டமிடவில்லை. போரால் உழவு நின்ற காவிரிச் சமவெளியில் பஞ்சம் வந்தது. பின்னாலேயே கொள்ளைநோய் வந்தது. படைவீரர்களும் குதிரைகளும் பசியில் விழுந்தார்கள். எடுத்துப் புதைக்க ஆளில்லாத பிணங்களைப் புரோயென்சாவின் கடிதம் விவரிக்கிறது. படை திருச்சியைத் தாக்கிப் பார்த்தது, முடியவில்லை. கடைசியில் முத்து வீரப்பரிடம் ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு விலகிப் போனது.

இந்த இடத்தில் பெர்லினும் மதுரையும் நெருங்கி வருகின்றன. குறுகிய காலம் ஆண்டவர்மேல் பின்னால் வருகிறவர்கள் தங்கள் ஆசைகளை எல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். பிரெடரிக் பிழைத்திருந்தால் ஜெர்மனி போருக்கே போயிருக்காது என்று எழுதியவர்கள் உண்டு. முத்து வீரப்பர் பிழைத்திருந்தால் மதுரை தலைநிமிர்ந்திருக்கும் என்றும் சொல்லலாம். 1659 நவம்பரில் சிவாஜி அப்சல் கானைக் கொன்றபின் பிஜப்பூரின் கவனம் மேற்கே திரும்பியதைக் காட்டி அந்த வாதத்துக்கு வலு சேர்க்கவும் செய்யலாம். ஆனால் 99 நாளும் படுக்கையோடு போராடியவரையும், சில மாதங்களில் ஒரு முற்றுகையைச் சமாளித்தவரையும் வைத்து அடுத்த முப்பது ஆண்டுகளை எழுத முடியாது. பிரெடரிக்கைச் சுற்றிப் பிஸ்மார்க்கின் அரசாங்கம் இருந்தது. முத்து வீரப்பரைச் சுற்றி அவர் தந்தை உண்டாக்கிவைத்த நிலைமை இருந்தது: வடக்கே பிஜப்பூர், மேற்கே மைசூர், கிழக்கே எதிர்த்து நிற்காத தஞ்சாவூர், தெற்கே உரிமை பெருகிய சேதுபதி. ஒருவர் நல்லவரா திறமைசாலியா என்பதைவிட அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்ன என்பதே பெரிய கேள்வி.

மூன்றாமவர்

சொக்கநாதர் பட்டத்துக்கு வந்தபோது அவருக்குச் சுமார் 16 வயது. உங்கள் பதினோராம் வகுப்புப் பையன்களின் வயது என்று சொல்லுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நாயக்கர் ஆட்சியில் படைக்குத் தளவாய், வரவு செலவுக்குப் பிரதானி, ஓலைகளுக்கும் ஆணைகளுக்கும் ராயசம். இந்த மூன்று பேரும் ஒன்றுகூடினால் அரசன் பெயருக்குத்தான் அரசன். தளவாய் லிங்கம நாயக்கரும் மற்ற இருவரும் அப்படித்தான் கூடினார்கள். மன்னருக்கு விசுவாசமானவர்களை ஒதுக்கினார்கள். கடைசியில் சொக்கநாதரை இறக்கிவிட்டு அவர் தம்பியை ஏற்றவே திட்டமிட்டார்கள். அரண்மனைப் பெண் ஒருத்தி மூலம் விஷயம் வெளிப்பட்டது. இளம் அரசர் முந்திக்கொண்டார். சூழ்ச்சியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். லிங்கம நாயக்கர் தப்பி, எந்த எதிரியோடு போரிட அனுப்பப்பட்டாரோ அந்த ஷாஜியிடமே போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து திருச்சியை முற்றுகையிட்டபோது சொக்கநாதர் அவர்களை விரட்டியடித்தார்.

இரண்டு ஊர்களின் கதையும் இங்கே பிரிகிறது. பெர்லினில் அரசர் மாறியபோது அமைச்சர் காப்பாற்றினார். பிறகு இளையவர் அந்த அமைச்சரை அகற்றினார். மதுரையில் அரசர் மாறியபோது அமைச்சர்களிடமிருந்தே அரசரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெர்லினில் அதிகாரம் எழுதப்பட்ட சட்டங்களிலும் அலுவலகங்களிலும் தங்கியிருந்தது. மதுரையில் அது ஆட்களிடம் தங்கியிருந்தது. ஆள் மாறினால் ஒவ்வொரு பாளையமும் ஒவ்வொரு தளபதியும் தன் நிலையை மறுபடி கணக்குப் போட்டார்கள்.

அப்படியானால் பெர்லின் முறை நல்லது என்று முடிவுகட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 1888-ஐ அமைதியாகக் கடந்த அதே ஏற்பாடு, படையையும் வெளியுறவையும் பேரரசர் என்ற ஒருவரின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருந்தது. பிஸ்மார்க் போன பிறகு அதைக் கட்டுப்படுத்த ஆளில்லை. சொக்கநாதரின் கதையும் அந்த முதல் வெற்றியோடு முடியவில்லை. தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார்; அங்கே அரண்மனை எழுப்புவதற்காகப் பாட்டனாரின் மதுரை மஹாலில் ஒரு பெரும்பகுதியைப் பிரித்தெடுத்தார். 1673-ல் தஞ்சாவூரை வென்றார். வென்ற தஞ்சையைத் தன் சொந்தக்காரரான அழகிரியிடம் ஒப்படைத்தார். அவர் தனியாட்சி கொண்டாடினார். இரண்டே ஆண்டில் ஷாஜியின் இன்னொரு மகன் ஏகோஜி அதைப் பிடித்துக்கொண்டார். மேற்கே மைசூர் நிலங்களைப் பறித்தது. 1682-ல் சொக்கநாதர் மறைந்தபோது, 1659-ல் பெற்றதைவிடச் சிறிய அரசைத்தான் விட்டுச்சென்றார். பின்னாளில் பேரனுக்காகப் பொறுப்பேற்று அந்த அரசை ஓரளவு நிமிர்த்தியவர் அவருடைய மனைவி ராணி மங்கம்மாள்.

வகுப்பில் எப்படி நடத்தலாம்?

கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் 1888, மற்றதில் 1659. மூன்று பெயர்களையும் வயதுகளையும் எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்துக்கு நான்கு கேள்விகள் கொடுங்கள். முதியவர் எதை விட்டுச்சென்றார்? நடுவில் வந்தவரால் எதைத் தொட முடிந்தது? இளையவர் வந்தபோது படையும் கருவூலமும் யார் பொறுப்பில் இருந்தன? இந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்?

நான்காவது கேள்விக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அரசர்களின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. சத்தியமங்கலத்தில் மூக்கறுபட்டவர்களுக்கும், மைசூர் எல்லையில் அதே கதிக்கு ஆளானவர்களுக்கும், தஞ்சைப் பக்கம் பசியில் செத்த உழவர்களுக்கும் பட்டியல் இல்லை. அவர்களுடைய சாவை அரியணைப் போட்டி மட்டும் கொண்டுவரவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த முடிவுகள் கொண்டுவந்தன. இதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டால் மன்னர் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

முடிந்தால் ஒருநாள் மாணவர்களை மஹாலுக்குக் கூட்டிப் போங்கள். இன்று நாம் பார்ப்பது திருமலை நாயக்கர் கட்டியதில் ஒரு பகுதிதான். பிறகு விளக்குத்தூண் பக்கம் நடந்து பத்துத்தூண் சந்துக்கு வாருங்கள். கடைகளுக்கு நடுவே தனியாக நிற்கும் அந்தத் தூண்கள் அதே அரண்மனையோடு சேர்ந்தவை. இரண்டு இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நடந்தே அளக்கச் சொல்லுங்கள். அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தது, எவ்வளவு போய்விட்டது என்று அவர்களுக்கே விளங்கும். போனதில் ஒரு பங்கு எதிரி இடித்தது அல்ல, பேரன் பிரித்தது என்று அங்கே வைத்துச் சொல்லுங்கள். ஏன் பிரித்தார் என்று அவர்கள் கேட்பார்கள். பதிலை 1659-லிருந்து தொடங்குங்கள்.